கல்லை அளக்கும் ஒளி யார் கையில்?

2010-ம் ஆண்டு மே மாதம் 26-ம் தேதி இரவு காளஹஸ்திக் கோயிலின் ராஜகோபுரம் இடிந்து விழுந்தது. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய ஏழு நிலைக் கோபுரம் அது. ஐந்நூறு ஆண்டுக் காலம் மழையையும் புயலையும் தாங்கி நின்றது, ஒரே இரவில் மண்மேடாகிவிட்டது. முன்னதாகவே ஆட்களை அப்புறப்படுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. பின்னர் அதே இடத்தில் புதுக் கோபுரம் கட்டி 2017-ல் குடமுழுக்கும் செய்தார்கள். ஆனால் பழைய கோபுரம் திரும்பி வரவில்லை; வரவும் போவதில்லை.

அது திடீரென்று வந்த விபத்து அல்ல. கோபுரத்தில் விரிசல் இருந்தது ஊருக்கே தெரியும். விரிசல் இருக்கிறது என்று சொல்ல எல்லோராலும் முடியும். போன வருஷத்தைவிட அது எத்தனை நூல் அகன்றிருக்கிறது, கோபுரம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்வதற்குத்தான் அளவு வேண்டும். அளவு எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

அதே கிருஷ்ணதேவராயர் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1509-ல், காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரத்தை எழுப்பினார். ஏறக்குறைய 190 அடி உயரத்தில் அது இன்றும் நிற்கிறது. அதன் நிழலில் பட்டு நெசவாளர்கள் வாழ்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் பஸ் ஏறுகிறார்கள். காஞ்சி முழுவதும் இப்படிப்பட்ட கட்டிடங்கள். கி.பி. 700-ஐ ஒட்டி ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயில், அதே நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவன் கட்டிய வைகுண்டப்பெருமாள் கோயில், கல்லிலே சங்கிலி தொங்கும் நூற்றுக்கால் மண்டபத்தை உடைய வரதராஜப்பெருமாள் கோயில். இவை யாவும் நம் முன்னோரின் கையால் ஆனவை. இவற்றை அளந்து வைப்பது யார் பொறுப்பு? அளந்த அளவு யாரிடம் இருக்க வேண்டும்? இதுவே நாம் இன்று பேச வந்த விஷயம்.

லேஸர் என்ன செய்கிறது?

இன்று உலகமெங்கும் பழைய கட்டிடங்களை லேஸர் ஒளியால் அளக்கிறார்கள். கேட்பதற்கு ஏதோ மாயம்போல் இருக்கும். மாயம் ஒன்றுமில்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, சத்தம் வர எத்தனை நேரமாகிறது என்று பார்த்து ஆழத்தைச் சொல்கிறோம் அல்லவா? அதே கணக்குதான். முக்காலியின் மேல் வைத்த யந்திரம் ஒரு ஒளிக்கதிரைச் சுவரை நோக்கி அனுப்புகிறது. கதிர் கல்லில் பட்டுத் திரும்புகிறது. போய் வந்த நேரத்தைக் கொண்டு தூரம் தெரிகிறது. ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால், அதில் ஒரு கூறு நேரத்தில் ஒளி ஓடும் தூரம் ஏறக்குறைய ஒரு அடி. அத்தனை நுணுக்கமான நேரத்தை அந்த யந்திரம் அளக்கிறது. தலையைச் சுழற்றிச் சுழற்றி விநாடிக்கு இலட்சக்கணக்கான புள்ளிகளை எடுக்கிறது. பிழை சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஓரிடத்தில் நின்று பார்த்தால் தூணின் பின்பக்கம் தெரியாது. யந்திரத்துக்கும் அப்படியே. ஆகவே இடம் மாற்றி மாற்றி வைத்து அளந்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். முடிவில் கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகளால் ஆன ஒரு கோயில். சுவருக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை லேஸர் காட்டாது. மேலே தெரியும் வடிவத்தைத் துல்லியமாகக் காட்டும். இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் அளந்து, முந்திய அளவோடு ஒப்பிட்டால், எந்தச் சுவர் உப்பியிருக்கிறது, எந்தக் கோபுரம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

காஞ்சி நெசவாளிக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சேலையின் கரையில் ஓடும் யாளியும் அன்னமும் முதலில் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாகத்தானே வருகின்றன? அந்தப் புள்ளிகள்தானே ஜக்கார்டு அட்டையில் ஓட்டைகளாகின்றன? அட்டையைப் பார்த்தவனுக்கு அது வெறும் ஓட்டை. தறியில் உட்கார்ந்தவனுக்கு அது யாளி. கோயிலும் இப்போது அப்படித்தான் புள்ளிகளாகியிருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவன் யார் என்பதே அடுத்த கேள்வி.

புள்ளிக்குப் பெயர் தெரியாது

புள்ளிக்குத் தான் தூண் என்றோ, தூணின் தலைப்பு என்றோ தெரியாது. கணக்கு யந்திரத்தைக் கொண்டு, சமதளமாக உள்ள புள்ளிகள் சுவர், உருண்டையாக உள்ளவை தூண் என்று பிரிக்கிறார்கள். அதற்கு மேலே போய், இது அதிஷ்டானம், இது குமுதம், இது கபோதம், இது கூடு என்று நுட்பமாகப் பிரிக்க வேண்டுமானால், முதலில் யாராவது ஒருவர் ஆயிரக்கணக்கான இடங்களில் கை வைத்துக் காட்டிப் பெயர் சொல்லித் தர வேண்டும். சொல்லித் தந்த பிறகே யந்திரம் மற்ற இடங்களில் தானாக அடையாளம் காணும்.

அந்தப் பெயர்கள் யாருடைய சொத்து? ஸ்தபதிகளுடையவை, கல்தச்சர்களுடையவை. ஒரு கோயிலைப் பார்த்து அடியிலிருந்து உச்சி வரை அதிஷ்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என்று ஆறு அங்கமாகப் பிரித்துச் சொல்பவர்கள் அவர்கள். தூணின் தலைப்பில் கலசம், கும்பம், பலகை, போதிகை என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் அளவும் வைத்திருப்பவர்கள் அவர்கள்.

இதற்கு வரலாற்றிலேயே சாட்சி உண்டு. பாண்டிச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய், தென்னிந்தியக் கட்டிடக்கலை பற்றிய தம் பெரிய நூலை 1914-ல் வெளியிட்டார். கல்வெட்டு இல்லாத கோயிலையும் அதன் அங்கங்களின் வடிவத்தைக் கொண்டே எந்தக் காலத்தது என்று சொல்லலாம் என்று அவர் காட்டினார். போதிகையை எடுத்துக்கொள்ளுங்கள். தூணின் மேலே உத்தரத்தைத் தாங்கும் கட்டை அது. பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலை அலையாகச் சுருள் கொண்டிருக்கும். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி நடுவே ஒரு நாக்கு நீட்டியிருக்கும். விஜயநகர காலத்தில் பூமொட்டாகத் தொங்கும். இந்த அங்கங்களின் பெயர்களை அவர் யாரிடம் கற்றார்? அன்று உளி பிடித்துக்கொண்டிருந்த சிற்பிகளிடம் கேட்டுக் கற்றார். அறிஞரின் நூலுக்கு அடியில் கல்தச்சனின் அறிவு கிடக்கிறது. இன்று கணக்கு யந்திரத்துக்கு அடியிலும் அதே அறிவுதான் கிடக்கிறது. நூலின் அட்டையில் அவன் பெயர் இருக்காது. கூலிப் பட்டியலிலாவது இருக்கட்டும் என்று கேட்கிறோம்.

பசித்தவனுக்கு லேஸர் எதற்கு?

"கூலி உயர்வுக்குப் போராடும் உங்களுக்குக் கோயில் தூணைப் பற்றி என்ன கவலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நமக்குக் கவலை உண்டு, காரணமும் உண்டு.

முதற்காரணம், இவை நம்முடைய உழைப்பு. மலையைப் பிளந்து, கல்லை வண்டியேற்றி, சாரம் கட்டி ஏற்றியவர்கள் மன்னர்கள் அல்ல. அப்படி ஏற்றியவர்களில் பலருடைய சந்ததியார் பல கோயில்களுக்குள் நுழையவே முடியாமல் இருந்தார்கள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல் வந்த பிறகே சட்டப்படி அந்தக் கதவு திறந்தது. உழைத்தவனுக்கு உரிமை வந்த காலத்தில், உழைப்பின் அடையாளம் அழிந்து போக விடலாமா?

இரண்டாவது காரணம், இந்தச் சுவர்கள் ஜனங்களின் தஸ்தாவேஜு. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உத்திரமேரூருக்குப் போய்ப் பாருங்கள். முதற் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், கிராம சபைக்குக் குடவோலை மூலம் ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைச் சுவரிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். நிலம் உள்ளவனுக்கு மட்டும் இடம் கொடுத்த விதி அது என்பதையும் அந்தச் சுவரே நமக்குச் சொல்கிறது. நிலம் யாருடையது, வரி எவ்வளவு, யாருக்கு என்ன உரிமை இருந்தது என்றெல்லாம் தமிழகத்தின் எத்தனையோ கோயில் சுவர்கள் பேசுகின்றன. காஞ்சி வைகுண்டப்பெருமாள் கோயிலின் பிராகாரச் சுவரில் பல்லவர் வரலாறே சிற்ப வரிசையாக இருக்கிறது; சிற்பங்களின் அருகே எழுத்துக் குறிப்புகளும் உண்டு. ஆனால் அது மணற்கல். மழையும் காற்றும் அதைத் தின்கின்றன. கண்ணுக்குத் தப்பும் ஆழமற்ற எழுத்தையும், லேஸர் அளவைக் கொண்டு நிழல் விழும்படி திரையில் காட்டி வாசிக்க முடிகிறது. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து அளக்கலாம் என்றால், அளப்பதற்கு எழுத்தே இருக்காது.

மூன்றாவது காரணம், திருப்பணி என்ற பெயரில் நடந்த அழிவு. பழைய தளக்கல்லைப் பெயர்த்துவிட்டுப் பளபளப்பான கல் பதிப்பது, சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டு அடிப்பது, கல் சிற்பத்துக்கு எனாமல் பூசுவது. இவற்றைவிடக் கொடியது மணல் வீச்சு. காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிக் கல்லைக் 'கழுவுவது' அது. அழுக்கு போகிறது, அதோடு சிற்பத்தின் முகமும் கல்வெட்டின் எழுத்தும் போகின்றன. அந்த மணல் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரலும் கல்லாகிறது. சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து கிடையாது. கல்லையும் ஆளையும் ஒரே குழாயால் தேய்த்த வேலை அது! பலத்த எதிர்ப்புக்குப் பிறகே இந்த முறைக்குத் தடை வந்தது. வேலைக்கு முன் முழு அளவு எடுத்திருந்தால், எது போயிற்று என்று காட்டிக் குத்தகைதாரரைக் கேள்வி கேட்கலாம். அளவு இல்லாத இடத்தில், "முன்பும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்லித் தப்பிவிடலாம்.

அளப்பது புதிய யோசனையும் அல்ல. அலெக்ஸாண்டர் ரீ என்ற தொல்பொருள் துறை அதிகாரி, கைலாசநாதர், வைகுண்டப்பெருமாள் கோயில்களை அளந்து வரைந்த படங்களோடு பல்லவர் கட்டிடக்கலை பற்றி ஒரு நூலை 1909-ல் வெளியிட்டார். வெள்ளைக்கார ஆட்சி நாடாவையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தது. சுதந்திர நாட்டில், லேஸர் உள்ள காலத்தில், நாம் அதைவிடக் குறைவாகச் செய்யலாமா?

குஜராத்தில் பாட்டன் நகரத்து ராணி படிக்கிணற்றை 2011-ல் லேஸரால் அளந்தார்கள். ஸ்காட்லாந்து நாட்டின் நிபுணர்களும் சையார்க் என்ற அமெரிக்க அமைப்பும் நமது தொல்பொருள் துறையின் ஒத்துழைப்போடு அதைச் செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் நம் சிற்பத்தை அளக்க ஒவ்வொரு தடவையும் கடல் கடந்து ஆள் வர வேண்டுமா? நம் பிள்ளைகளுக்கு அந்த யந்திரத்தைக் கற்றுக் கொடுத்தால் ஆகாதா? நம் சர்க்காருக்கு அளக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2021 முதல் அறநிலையத்துறை நவீனக் கருவிகளைக் கொண்டு கோயில் நிலங்களை அளந்து கல் நட்டு வருகிறது. நிலத்தை அங்குலம் அங்குலமாக அளக்கும் அதே அக்கறையை, அந்த நிலத்துக்குச் சொந்தமான கோயிலின் சிற்பத்திடமும் காட்டுங்கள் என்கிறோம். அந்த மண்ணில் பாடுபடும் குத்தகை விவசாயியிடமும் காட்டுங்கள் என்கிறோம்.

சட்டமும் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. ஒன்பது ஆண்டு கழித்து, 2021 ஜூன் 7-ம் தேதி, பழம்பெரும் கட்டிடங்களையும் கோயில்களையும் காப்பது பற்றி 75 கட்டளைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பிக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் உள்ளதைக் கல்லுக்குக் கொண்டுவர ஜனங்களின் கண்காணிப்பு வேண்டும்.

அட்டை போன வழி

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். யந்திரத்தைப் புகழ்ந்துவிட்டு ஓய்ந்துவிடுவது தொழிலாளி வர்க்கத்தின் வழக்கமல்ல. அது யார் கையில் இருக்கிறது என்று கேட்பதே நம் வழக்கம்.

கோயிலின் புள்ளிகள் முழுவதும் ஒரு கோப்பில் அடங்கிவிடும். அந்தக் கோப்பைக் கல் செதுக்கும் யந்திரத்தில் போட்டால், அதே யாளியை, அதே தூணை, ஆளில்லாமல் கடைந்து தரும். அப்படிப்பட்ட யந்திரங்கள் நம் நாட்டிலேயே வேலை செய்கின்றன. ஆயிரம் வருஷத்துக் கை வேலையைப் புள்ளியாக்கி, அந்தக் கை வேலைக்காரனின் பேரனையே வேலையிலிருந்து வெளியேற்ற அதே புள்ளி பயன்படலாம். இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. காஞ்சி நெசவாளியின் அனுபவத்திலிருந்து சொல்கிறோம்.

கோபுரக் கரை எங்கிருந்து வந்தது? கோயிலைப் பார்த்து நெசவாளி போட்டது. கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் நெய்து கோத்துச் சேர்க்கும் கோர்வை வேலை காஞ்சிக்குப் புகழ் தந்தது. அந்த டிசைனைப் படமெடுத்துக்கொண்டு போய் விசைத்தறியில் ஓட்டி, "காஞ்சிப் பட்டு" என்று விற்கிறார்கள். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985-ல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-ல் வந்தது. இத்தனைக்குப் பிறகும் போலி நின்றுவிட்டதா? சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அட்டையும் டிசைனும் வியாபாரியின் கையில் இருக்கின்றன. டிசைனை உண்டாக்கியவனுக்கு வாரக் கூலி. அதைப் பிரதி எடுத்தவனுக்கு இலாபம்.

கோயிலின் அளவும் அதே வழியில் போக வேண்டாம் என்பதுதான் நம் எச்சரிக்கை. பொதுப் பணத்தில், பொதுக் கட்டிடத்தை அளந்துவிட்டு, அளவை ஒரு தனியார் கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிவிடக்கூடாது. சுற்றுலாக்காரருக்குக் கண்ணாடி மாட்டிப் படம் காட்டிக் காசு பண்ணுவதோடு அது முடிந்துவிடவும் கூடாது.

அப்படியானால் யந்திரமே வேண்டாம் என்பதா? இல்லவே இல்லை. பாரிஸ் நகரத்து நோத்ர்தாம் ஆலயத்தைப் பாருங்கள். ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010-ல் அதை ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து லேஸரால் அளந்தார். நூறு கோடிப் புள்ளிகள் கிடைத்தன. கட்டிட நிபுணர்கள் இருவர் அதன் ஓக் மரக் கூரைச் சட்டத்தை அங்கம் அங்கமாக அளந்து வரைந்து வைத்தார்கள். 2019 ஏப்ரல் 15-ம் தேதி தீப்பிடித்துக் கூரை எரிந்து விழுந்தது. டாலன் அதற்கு முந்திய ஆண்டே இறந்துவிட்டார். ஆனால் அவர் எடுத்த அளவு இருந்தது. சுமார் 2,000 பேர் உழைத்து, 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறந்தது. அங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். லேஸர் இருக்கிறதே என்று தச்சர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. புதிய கூரைக்கான மரத்தைப் பழைய முறைப்படி கோடரியால் செதுக்கத் தெரிந்த தச்சர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தார்கள். யந்திரம் அளவைச் சொன்னது. கை வேலையைச் செய்தது. பாரிஸில் முடிந்தது காஞ்சியில் முடியாதா?

நாம் கேட்பது

ஒன்று: எந்தப் பழங்கோயிலிலும், எந்தப் பழங்கட்டிடத்திலும், முழு அளவு எடுக்காமல் திருப்பணிக்கு ஒரு கல்லையும் பெயர்க்கக்கூடாது. உயர்ந்த கோபுரங்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பத் திரும்ப அளந்து ஒப்பிட வேண்டும். காளஹஸ்தியின் பாடம் இதுதான்.

இரண்டு: அளவு பொதுச்சொத்து. அதன் பிரதி மாவட்ட நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளையும் நெசவாளியும் காசில்லாமல் பார்க்க வேண்டும். கோயில் சிற்பத்திலிருந்து புது டிசைன் எடுக்க நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதல் வாய்ப்பு வேண்டும்.

மூன்று: அங்கங்களை அடையாளம் காட்டும் வேலையில் ஸ்தபதிகளும் கல்தச்சர்களும் நிபுணர்களாக அமர வேண்டும். அவர்களுக்கு நிபுணருக்குரிய சம்பளம் வேண்டும். ஆவணத்தில் அவர்கள் பெயர் வேண்டும். மாமல்லபுரத்தில் 1957 முதல் சர்க்கார் சிற்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயிலும் மாணவனுக்கு உளியோடு லேஸரையும் கற்றுக் கொடுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுங்கள். யந்திரத்தின் விலை பல இலட்சம் என்பது உண்மை. மாவட்டத்துக்கு ஒன்று வாங்க முடியாத ஏழை சர்க்கார் அல்ல இது.

நான்கு: கல் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தூசியிலிருந்து பாதுகாப்பு, மருத்துவப் பரிசோதனை, நியாயமான கூலி. கல்லைக் காக்கும் வேலையில் ஆள் சாகக்கூடாது.

கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஆனால் கேட்காமல் கிடைக்காது. காஞ்சியிலே, உத்திரமேரூரிலே, உங்கள் ஊரிலே திருப்பணிக்குச் சாரம் கட்டும்போது முதல் நாளே போய்க் கேளுங்கள்: "அளவு எடுத்தாயிற்றா? எங்கே இருக்கிறது? எங்களுக்குக் காட்டுங்கள்!" கூலிக் கணக்கைக் கேட்கத் தெரிந்த உழைப்பாளிக்குக் கல் கணக்கைக் கேட்கவும் தெரியும். சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.